மணிச்சத்து அதிகம்

— அந்தக் கல்லு மேல மட்டும் குந்தாதீங்க சார். பக்கத்து முனியன் நெலத்துல நட்ட மனைக்கல்லு அது. நேத்து மறுபடி அடிச்ச மஞ்சப் பெயிண்டு இன்னும் காயல, வேட்டில ஒட்டிக்கும். தோ, இந்த வைக்கோல் மேல குந்துங்க.

— எங்கயோ ஒரு இடம்மா. உக்காந்தா போதும். பட்டாபிராம்ல இருந்து சைக்கிள் மிதிச்சிட்டு வரேன். முட்டி ரெண்டும் என்னுதுதானான்னு சந்தேகமா இருக்குது.

— மூணு தபா சொல்லி அனுப்ச்சேனே. பூந்தமல்லில நஜீர் பாய் உரக்கடைப் பக்கம் போறப்போல்லாம், கிராம சேவக் பக்தவத்சலம் சார் வந்தா கெங்கம்மா கூப்ட்டான்னு சொல்லு பாய்னு சொல்லிகினேதான் கீறேன்.

— சொன்னாரு, சொன்னாரு. எனக்குப் பதினோரு ஊரு கெங்கம்மா. அதாவதும்மா, ஒரு ஊருக்குப் போனா மத்த பத்து ஊர்லயும் திட்டு. நான் போகாத ஊர்லதான் எனக்குக் கொஞ்சம் நல்ல பேரு.

— மோரு கீது. குடிங்க மொதல்ல.

— குடுங்க. உப்பு சரியா இருக்குது. என்ன, களத்துல நெல்லையே காணோம்? அதுக்குள்ள வீட்டுக்கு ஏத்திட்டீங்களா?

— ஏத்தறதுக்கு இன்னா கீது? தோ, அந்தத் தார்ப்பாய்க்கு அடியில கீதே, அதான் மொத்தமும். ஒரு ஏக்கரு இருவது சென்ட்டுக்கு ஒம்பது மூட்டை. நீங்க மண்ணப் பரிசோதிச்சி அட்டை குடுத்த வருஷம் இருவத்தி ரெண்டு. அப்பால பதினாலு. இப்ப ஒம்பது.

— இந்த வருஷம் எல்லா ஊர்லயும் கொஞ்சம் சுமார்தான். மழை வேற நேரம் கெட்ட நேரத்துல...

— மழை மேல போடாதீங்க சார். ஏரித் தண்ணி கடைசி வரிக்கும் வந்துது. பூச்சி வுழல. வெதை நீங்க குடுத்த வெதைதான். பயிரு பச்சைப் பசேல்னுதான் நின்னுது, பாக்குறவன் கண்ணு பட்டுடும்போல. ஆனா நட்டப்போ எப்டி நின்னுதோ அப்டியே நின்னுது. தூரு கட்டல. பக்கத்துல புள்ள வெக்கவே இல்ல. கதிரும் பத்து நாளு லேட்டு.

— யூரியா அதிகமாப் போட்டிருப்பீங்க.

— போட்டோம். ஊரே போட்டுது. தொண்ணூத்தி ரெண்டுல டிஏபி வெலையும் சூப்பர் பாஸ்பேட் வெலையும் ஒரே ராத்திரில எகிறிச்சா இல்லியா? யூரியா மட்டும் கொறைஞ்சுது. எது வெலை கொறைவோ அத்ததான் ஏழை போடுவான். அதுக்கும் மேல உங்க அட்டை வேற கையில கீது. வேரும் தூரும் வெக்கிற மணிச்சத்து அதிகம், அதுக்குப் போடுற சூப்பர் வோணாம்னு. ஊரே சாமி வரம் குடுத்த மாதிரி கும்புட்டுது.

— நல்லதுக்குத்தான்ம்மா குடுத்தது.

— கெட்டதுக்குன்னு யாரு சொன்னா? நீங்க மோரு குடிங்க. வேற ஒரு விசயத்துக்குத்தான் கூப்ட்டேன். நாளைக்கி வெள்ளிக்கெழமை. காலைல பத்து மணிக்கி பூந்தமல்லி ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வரச் சொல்லிகீறான் புரோக்கர் கன்னியப்பன்.

— நீங்களுமா விக்கிறீங்க?

— விக்கிறேனா இல்லியான்னு நீங்கதான் சொல்லணும்.

— நான் என்னம்மா சொல்றது? என்னைக் கேட்டா...

— உங்களத்தான் கேக்குறேன். எம் புள்ள வேலுசாமி அம்பத்தூர் எஸ்டேட்டுல லேத்துல நிக்கிறான், தெரியுமில்ல. செத்த மண்ணுக்கு எத்தினி நாளு சோறு ஊட்டிகினு இருப்பேன்னு கேக்குறான். அவன் கெட்டவன் இல்ல. ஞாயித்துக்கெழமை லீவுல வந்து எங்கூட நாத்து புடுங்கினவன். அவன்கிட்ட ஒரே வார்த்தைதான் சொன்னேன். சேவக் சார் வருவாரு. மண்ணு செத்துப்போச்சுன்னு அவரு வாயால சொன்னா நான் கைநாட்டு வெக்கிறேன். சாவலன்னு சொன்னா, எவன் வந்தாலும் வெக்க மாட்டேன். சரின்னுட்டான். இப்ப நீங்க வந்துட்டீங்க. சொல்லுங்க. செத்துப்போச்சா?

— மண்ணுன்னா மனுஷனா கெங்கம்மா, நாடி புடிச்சிப் பாத்து சொல்றதுக்கு?

— நாடி பாத்துட்டுத்தானே அட்டை எழுதிக் குடுத்தீங்க.

— அது லேப்ல செய்யறது. நான் மண்ணை எடுத்து அனுப்புறவன். அவ்வளவுதான் என் வேலை.

— தோ பாருங்க, கொண்டாந்துகீறேன். பொன்னியம்மா படத்துக்குப் பின்னாடி சொருவி வெச்சிருந்தேன். ஆயுத பூசைக்கி அருவா, மம்முட்டி எல்லாத்துக்கும் குங்குமம் வெக்கிறப்போ இதுக்கும் ஒரு பொட்டு வெச்சேன். ரெண்டு வருஷமும் வெச்சேன். எனக்கு எழுத்து தெரியாது. நம்பரு தெரியும். அம்பத்தி மூணா அம்பத்தி நாலான்னு பாத்துதானே பஸ்ஸு ஏறுறேன். தோ, மணிச்சத்துன்னு நீங்க காட்டின எடத்துல இருவத்தாறுன்னு போட்டுக்கீது. அதுக்குப் பக்கத்துல கீறது இன்னா எழுத்து சார்?

— அதிகம்.

— அதிகம். எல்லாம் அதிகமா கீற மண்ணு ஏன் சார் வெளைய மாட்டேங்குது?

— பல காரணம் இருக்கலாம். தழை உரம் இல்லாம இருக்கலாம், துத்தநாகம் குறைவா இருக்கலாம். என்னைக் கேட்டா, பேசாம வித்துடுங்க. நான் மனசாரச் சொல்றேன். காட்டுப்பாக்கம் வரைக்கும் பாருங்க, வானகரத்தைப் பாருங்க, எங்க திரும்பினாலும் கல்லுதான். அஞ்சு வருஷம் கழிச்சி இந்த ஏரிக் கால்வாயில தண்ணி வருமான்னு யாருக்குத் தெரியும்? வர்றப்போ வாங்கிக்கறது புத்திசாலித்தனம்.

— அத்த கன்னியப்பனே தெனம் வந்து சொல்றான். அதுக்கு நீங்க இவ்ளோ தூரம் சைக்கிள் மிதிச்சிருக்க வோணாம்.

— கோவமா கெங்கம்மா?

— கோவப்பட முடியல சார். அசதியா கீது. எம் மாமனாரு பண்ணையில மாடு மாதிரி ஒழைச்சி கடைசி காலத்துல வாங்கினது இது. எம் புருசன் போயி ஆறு வருஷம் ஆச்சு. ஆறு வருஷமா நான்தான் மடை மாத்துறேன், நான்தான் வரப்பு கட்டுறேன். அதெல்லாம் அசதி இல்ல. மண்ணு மேல சந்தேகம் வந்துட்டப்புறம் அதுல காலு வெக்கிறேனே, அதான் அசதி. மெய்யாலுமே சொல்றேன், போன மாசம் கதிர் அறுக்கறப்போ, சீக்காளி மூஞ்சப் பாக்காம சோறு ஊட்டுவாங்களே, அப்டி குனிஞ்சிகினே அறுத்தேன்.

— எனக்கும் அந்த அசதிதான்ம்மா. ஜூன் மாசம் ரிட்டயர் ஆறேன். முப்பத்தி மூணு வருஷம். பென்ஷன் பேப்பரு மேசை மேசையா நகர்ந்துகிட்டு இருக்குது. வீட்டுக்காரிக்கு சர்க்கரை. சர்வீஸ் புக்குல ஒரு கெட்ட குறிப்பும் இல்லாம வெளிய வந்துட்டாப் போதும்னு தெனமும் காலையில நெனச்சிகிட்டுத்தான் சைக்கிள எடுக்கறேன்.

— வந்துடுவீங்க. உங்களுக்கு யாரு குறிப்பு போடப் போறா? முனியனத்தான் நெனச்சிப் பாருங்க.

— முனியனுக்கு என்ன?

— ஒன்னும் இல்ல. நல்லாத்தான் கீறான். எஸ்டேட்டுல ஒரு கம்பெனி கேட்டுல வாச்மேனு. காக்கிச் சட்டை, விசிலு. நாலு மாசம் முன்ன வித்தான். விக்கிறதுக்கு மொத நாளு எங்கிட்ட வந்தான் சார். இங்கதான் நின்னான். யக்கா, அட்டையில எல்லாம் கீதுன்னு போட்டுக்கீது, ஆனா வெளைய மாட்டேங்குது, எங் கையிலதான் ஏதோ தோஷமான்னு கேட்டான். எங்கப்பன் வெச்ச கை, நான் வெச்சா ஏன் வெளங்கலன்னு கேட்டுட்டு அழுதான்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— இன்னாத்த சொல்றது? சர்க்காரு அட்டை பொய் சொல்லாது, மண்ணுதான் செத்துப்போச்சு, வித்துட்டுப் போயி புள்ளைங்களக் கரை சேத்துடான்னேன். நான்தான் சொன்னேன். எவளோ ஒருத்தி சொல்லல. இப்ப ஞாயித்துக்கெழமை ஆனா வரான். நீங்க குந்தப் போனீங்களே, அந்தக் கல்லு மேலதான் குந்திகினு இருப்பான். எங்கிட்ட பேச மாட்டான். நானும் பேச மாட்டேன்.

— நீங்க அதுக்கு வருத்தப்படக் கூடாதும்மா. அவரு மண்ணை நானே எடுத்தேன். நல்லா ஞாபகம் இருக்குது. அது நிஜமாவே தேஞ்ச மண்ணு. வித்தது தப்பே இல்ல.

— அப்டியா சார்.

— ஆமா. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

— சரி சார். அப்போ இத்தப் பாருங்க. இந்தத் துணிய அவுருங்க. இல்ல, அந்த மஞ்சப் பை வோணாம், அது அப்டியே இருக்கட்டும். இது, இந்தத் துணி.

— என்னது, நெல்லுத் தூரா? வேரோட புடுங்கி வெச்சிருக்கீங்க.

— ரெண்டு தூரு கீது. எண்ணுங்க. எனக்கு எண்ணத் தெரியும். இருந்தாலும் நீங்க எண்ணுங்க.

— அஞ்சு, ஆறு, ஏழு. இது ஏழு கிளை. ரொம்பக் கம்மி. வேரும் குட்டையா இருக்குது. அடுத்தது... பதினெட்டு, பத்தொம்பது, இருவது, இருவத்தியொண்ணு. இது நல்ல தூரு. யாரு நெலத்துலது?

— ரெண்டும் என்னுதுதான்.

— இருக்காதும்மா.

— ஒரே நாத்தங்கால். ஒரே நாளு, ஒரே ஆளு நட்டது. நட்டதே நான்தான். ஏழு வந்தது நடுவுல. இருவத்தியொன்னு வந்தது தோ, அந்தக் கெணத்து மூலையில ரெண்டு பாத்தி. அந்த ரெண்டு பாத்திய இப்பவும் தாளப் பாத்தாலே தெரியும், போயிப் பாக்குறதுன்னா பாருங்க.

— அங்க என்ன போட்டீங்க?

— அதுக்கு ஒரு கதை கீது. வெலை எகிறின வருஷம் நஜீர் பாய் எங்கிட்ட சொன்னாரு. யக்கா, அட்டைய நம்பி சூப்பர அடியோட வுட்டுடாத, கொஞ்சமாச்சும் போடுன்னாரு. நான் கடை வாசல்ல நின்னுகினு பஜாரே கேக்குற மாதிரி வுட்டேன். சர்க்காரே வோணாம்னு எழுதிக் குடுத்துக்கீது, நீ இன்னா மூட்டைய என் தலையில கட்டப் பாக்குறியான்னு. அவரு யூரியா மூட்டைய எடுத்துக் குடுத்தாரு. அவரு தம்பி கலீல்தான் மூஞ்சு செவந்துபோயி உள்ள போனான். இந்த சம்பா நடறதுக்கு முன்ன யூரியா வாங்கப் போனப்போ, ஒரு பிளாஸ்டிக் பையில கொஞ்சம் சூப்பர் கட்டிக் குடுத்தாரு. காசு வோணாங்க்கா, ஒரு மூலையில போட்டுப் பாரு, நான் தலையில கட்டலன்னு நீயே பாத்துக்கோன்னாரு. பாவம், திட்டினதுக்குப் பரிகாரமா போடுவோமேன்னு போட்டேன். மெய்யாலுமே பாத்து கத்துக்கலாம்னு போடல.

— நஜீர் பாய் சொல்லவே இல்லியே எங்கிட்ட.

— அவரு ஏன் சொல்றாரு? நீங்கதான் வேட்டில கறை பட்டவன் மாதிரி அவரு கடைப் பக்கமே பாக்காம போறீங்களாம். சொல்லுங்க சார். மணிச்சத்து அதிகமா கீற மண்ணுல, அதே மணிச்சத்த ஒரு பிடி போட்டா எதுக்கு இப்டி குதிக்குது? பசி இல்லாதவன் எலைய வழிச்சித் துன்னுவானா?

— கொஞ்சம் தண்ணி குடுங்க.

— சொம்புல கீது. மெதுவா குடிங்க. நான் எங்கியும் போவல.

— கெங்கம்மா, ஒரு விஷயம் சொல்றேன். இது உங்களோட இருக்கணும்.

— சொல்லுங்க.

— அதாவதும்மா, மண்ணு எடுக்கறதுன்னா ஒரு முறை இருக்குது. ஒரு நிலத்துல பத்து இடத்துல எடுக்கணும். வரப்போரம் கூடாது, மர நிழல் கூடாது, எருக்குழிப் பக்கம் போகவே கூடாது. ஒரு சாண் ஆழம் வெட்டி, பக்கத்துல இருந்து சீவி எடுக்கணும். எல்லாத்தையும் கலந்து நாலு பங்கு போட்டு, எதிரெதிர் பங்கை எடுத்து, மறுபடி நாலு பங்கு போட்டு, அரைக்கிலோ வர்ற வரைக்கும் குறைக்கணும். ஒரு நிலத்துக்கு அரை நாள் ஆகும். அட்டைக்கு மண்ணு எடுத்த அந்தப் பங்குனியில உங்க ஊருக்கு மட்டும் நாப்பத்தெட்டுப் பை கேட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள. எனக்கு மிச்சம் இருந்தது மூணு நாளு. உங்க நிலமெல்லாம் வெடிச்சிப் பாளம் பாளமாக் கிடந்தது, கடப்பாரையே இறங்கல.

— அதனால?

— உங்க ஒரு பை மட்டும் விட்டுப்போச்சு. பொழுதும் போயிடுச்சு. பொன்னியம்மன் கோவில் வேப்பமரத்தடியில எடுத்து நிரப்பிட்டேன். உங்க பேரை எழுதிட்டேன்.

— வேப்பமரத்தடி. ஊரு மாடெல்லாம் மத்தியானத்துக்குக் கட்டுற எடம்.

— ஆமா.

— சாணியும் மூத்தரமும் பத்து தலைமுறையா வுழுந்த மண்ணு. அது அதிகம்னுதான் சொல்லும். அத்த எம் பேருக்கு எழுதிட்டீங்க.

— ஒரு பைதானே, யாரைக் கெடுத்துடப் போகுதுன்னு நெனச்சேன். அப்ப சூப்பர் விலையும் கம்மி. அட்டை என்ன சொன்னாலும் ஜனங்க போடறதைப் போட்டுகிட்டுத்தான் இருப்பாங்கன்னு நெனச்சேன். ஆகஸ்டு மாசம் விலை ஏறும்னு எனக்கு யாரு சொன்னா? இருபது வருஷமா போட்டு வெச்ச மிச்சம் மண்ணுல இருந்துச்சு, அதான் முதல் போகம் ஓடிடுச்சு. அட்டை சொன்னது சரிதான்னு நீங்களும் நம்பிட்டீங்க. அப்புறம்தான் கையைக் கடிச்சிருக்குது.

— பொறுங்க. அப்போ எம் மண்ணு சாவல.

— சாகல. சத்தியமா சாகல. பசி, அவ்வளவுதான். கடைசி உழவுல ஏக்கருக்கு ரெண்டரை மூட்டை சூப்பர் போட்டு மிதிச்சி நடுங்க. ரெண்டு போகத்துல எழுந்து நிக்கும். மணிச்சத்து தண்ணியோட ஓடிப்போற சத்து இல்ல, போட்ட இடத்துல நிக்கும். உங்களுக்கு நஷ்டம் வராது.

— ரெண்டரை மூட்டை. இந்த வார்த்தைக்கா ரெண்டு வருஷம் படத்துக்குப் பின்னாடி கும்புட்டுகினு கெடந்தேன்.

— திட்டுங்க கெங்கம்மா. திட்டினா நல்லா இருக்கும்.

— திட்ட வரல சார். மார்ல இருந்து ஒரு பாறாங்கல்ல எறக்கி வெச்ச மாதிரி கீது. அழுவணும்போல கீது, அதுவும் வரல. செத்தவன்னு நெனச்சி குழி தோண்டினப்புறம் எழுந்து குந்திகினா எப்டி கீது, அப்டி கீது. உங்கள ஒன்னு கேக்கவா? இந்த மண்ணு எடுக்குற வேலையே வேஸ்டுன்னு நெனச்சித்தான் அப்டி செஞ்சீங்களா?

— இல்லம்மா. அதுதான் எனக்கு வலிக்குது. அது நல்ல திட்டம். சூப்பர் எதுல இருந்து வருது தெரியுமா? ஒரு கல்லு. நம்ம நாட்டுல கொஞ்சம்தான் இருக்குது. மொராக்கோ, ஜோர்டான்னு எங்கெங்கயோ பாலைவனத்துல வெட்டி, கப்பல்ல ஏத்தி நம்ம ஹார்பருக்கு வருது. வெட்ட வெட்டத் தீரும். மறுபடி விளையாது. சில நாட்டுல அதை அளவில்லாமக் கொட்டி, மிச்சம் ஓடி ஏரியெல்லாம் பச்சையா நாறிப்போய் மீன் சாகுது. இன்னும் சில நாட்டுல ஒரு பிடி கிடைக்காம சோளம் முழங்கால் உயரத்துல நிக்குது. அதனாலதான் மண்ணைப் பாத்து, எங்க இல்லையோ அங்க மட்டும் அளவாப் போடுங்கன்னாங்க. ட்ரெய்னிங்ல இதைக் கேட்டப்போ எனக்குப் புல்லரிச்சிது. அப்ப நான் சின்ன வயசு. ஊர் ஊராப் போய் மண்ணை மோந்து பாப்பேன்.

— அப்பால?

— அப்புறம் பதினோரு ஊரு. மாசாமாசம் கணக்கு. எத்தனை பைன்னு கேப்பாங்க, எந்த மண்ணுன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். முட்டி போச்சு. மனசும் எங்கயோ போச்சு.

— எனக்குப் புரியுது சார். மெய்யாலுமே புரியுது. நானும் கதிர் கட்டுறப்போ கை ஓஞ்சிப்போனா கட்டு லூசாத்தான் போடுவேன். ஆனா அந்தக் கட்டு என் தலையில தான் அவுரும்.

— ஆமா. உங்க தலையில அவிழ்ந்துடுச்சு. மன்னிச்சிடுங்க.

— அத்த அப்பால பாத்துக்கலாம். இப்ப ஒன்னு செய்யுங்க. எம் புள்ள சாயந்தரம் ஷிப்டு முடிஞ்சி வருவான். நான் வாயால சொன்னா நம்ப மாட்டான். நெலத்த வுட மனசில்லாம கெழவி கதை கட்டுறான்னுவான். அவன் படிச்சவன், எழுத்துதான் வோணும். இந்த அட்டையிலேயே எழுதிக் குடுங்க.

— என்னன்னு எழுதறது?

— இருவத்தாற அடிச்சிட்டு உள்ளத எழுதுங்க. எழுதி, உங்க கையெழுத்துப் போடுங்க.

— கெங்கம்மா, அது சர்க்காரு அட்டை. நான் திருத்தினேன்னு வெளிய தெரிஞ்சா...

— பத்து மணிக்கி ரிஜிஸ்டர் ஆபீசு சார்.

— ஜூன் மாசம் வரைக்கும்தான்ம்மா. அதுக்கப்புறம் என்ன வேணா எழுதித் தரேன்.

— ஜூன் மாசம் இங்க கல்லு நட்டு, பெயிண்டும் காஞ்சிருக்கும். அப்ப எழுதி எங்க ஒட்டுறது? அந்தக் கல்லு மேலயா?

— ஆபீசுல கேட்டா நான் என்னம்மா சொல்றது?

— நான் உங்க ஆபீசுக்கு வரல. எழுதிக் குடுத்தத எம் புள்ளைக்குக் காட்டுவேன். சண்டை போடறதுன்னா நஜீர் பாய் கடையில போட்டனே, அந்த மாதிரி உங்க வாசல்ல வந்து நின்னுருப்பேன். வந்தேனா? மோரு குடுத்து குந்த வெச்சிக் கேக்குறேன்.

— சரி. ஒரு அட்டைதானே. கைத்தப்புன்னு சொல்லிக்கலாம். குடுங்க, பேனா இருக்குது. குங்குமம் எழுத்து மேல இருக்குது பாருங்க, தொடைச்சிக்கிறேன்.

— தொடைங்க. சாமி கோச்சிக்காது.

— படிக்கிறேன், கேட்டுக்குங்க. முன்பு குறித்தது பிழை. இந்த நிலத்தின் மண் எடுக்கப்படவில்லை. மணிச்சத்து குறைவு என்று பயிரைப் பார்த்ததில் தெரிகிறது. ஏக்கருக்கு இரண்டரை மூட்டை சூப்பர், கடைசி உழவில். போதுமா?

— எடுக்கப்படவில்லைன்னு எழுதிட்டீங்களா? மெய்யாலுமே எழுதிட்டீங்களா?

— எழுதிட்டேன். கையெழுத்தும் போட்டுட்டேன். தேதியும் போட்டுட்டேன். என்னமோ கெங்கம்மா, ரெண்டு வருஷத்துல இன்னிக்குத்தான் நிம்மதியா சைக்கிள் மிதிப்பேன்போல இருக்குது. வரட்டுமா?

— பேனாவ மூடாதீங்க சார். அந்த மஞ்சப் பைய இப்பிடி நகத்துங்க.

— அதுல என்னது?

— ஊரு அட்டை. நாப்பத்தியேழு. ஒரு வாரமா ஊடு ஊடா போயி வாங்கினு வந்தேன். வேம்புலிது, செங்கல்வராயன்து, தாயம்மாது, மேலத்தெரு மொத்தமும். எனக்கு எழுத்து தெரியாது, நம்பரு தெரியும்னு சொன்னேனே. எல்லாத்துலயும் அதே எடத்துல அதே இருவத்தாறு. நாப்பத்தெட்டுப் பையும் அந்த ஒரே மரத்தடி மண்ணுதானே சார்?

— கெங்கம்மா... இதெல்லாம் நான் எழுதினா எனக்கு என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமில்ல?

— தெரியும் சார். தெரிஞ்சிதான் இந்தப் பைய மொதல்லயே காட்டல. மொதல்ல முனியன் அட்டைய எடுங்க, அவன் நெலம் இனிமே திரும்பாது. ஆனா அவன் மண்ணும் சாவல, அவன் கையில தோஷமும் இல்லன்னு எழுதுங்க. வர்ற ஞாயித்துக்கெழமை அவன் அந்தக் கல்லு மேல வந்து குந்தறதுக்குள்ள, நான் அத்த அவன் கையில குடுக்கணும்.